சிமினி இல்லாத சிமினி விளக்கு

லாலாகுடாவில் ரயில்வே தொழிற்கூடம் 1893-ல் தொடங்கியது. வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு ரயில் ஓட ஆரம்பித்து அப்போது ஏறக்குறைய இருபது வருடங்கள் ஆகியிருந்தன. நிஜாமின் உத்தரவாதத்தில் நடந்த ரயில்வே கம்பெனிக்குப் பெட்டிகளைப் பழுது பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. தொழிற்கூடத்தைச் சுற்றிக் குடியிருப்புகள் வளர்ந்தன. வேலை தேடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் குடியேறின. தெலுங்கும் உருதும் தமிழும் கலந்து ஒலிக்கும் தெருக்கள் அப்படி உருவானவை.

அந்தக் காலத்து ரயில் இருட்டில் ஓடியது எண்ணெய் விளக்கை நம்பித்தான். பெட்டியின் கூரையில் துளை இருக்கும்; விளக்கேற்றும் ஊழியர் கூரை மேல் நடந்து போய் ஒவ்வொரு துளையிலும் விளக்கை இறக்குவார். சிக்னல் கம்பத்தில் ஒரு விளக்கு, கார்டு கையில் ஒரு விளக்கு, கடைசிப் பெட்டியின் முதுகில் ஒரு விளக்கு. காற்றடித்தால் அணையக்கூடாது. புகைந்து கண்ணாடியைக் கறுப்பாக்கக்கூடாது. அணைந்தாலோ கறுத்தாலோ ரயில் மோதும், உயிர் போகும். எனவே ரயில்வே இந்த விளக்குகளின் மேல் மூளையைச் செலவிட்டது. மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சளாக இருப்பதால் சிக்னலின் 'பச்சை'க் கண்ணாடியை நீலம் கலந்து செய்தார்கள். மஞ்சள் சுடருக்கு முன்னால் அது பச்சையாகத் தெரியும். சின்னத் திரியோடு ஒரு வாரம் வரை அணையாமல் எரியும் சிக்னல் விளக்குகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மேல்நாட்டு ரயில்களில் வந்துவிட்டன.

அதே மண்ணெண்ணெயை ஏழை வீடுகளும் எரித்தன. தெலுங்கில் அது 'புட்டி தீபம்'. இந்தியில் 'டிப்ரி'. தமிழில் குப்பி விளக்கு, சிமினி விளக்கு. யாழ்ப்பாணத்தில் போத்தல் விளக்கு. காலி மருந்துப் புட்டி, மூடியில் ஒரு துளை, துளையில் ஒரு தகரக் குழாய், குழாயில் பழைய துணித் திரி, அவ்வளவுதான். 'சிமினி' என்றால் புகைபோக்கி. விளக்கைப் பொறுத்தவரை சுடரைச் சுற்றி நிற்கும் கண்ணாடிக் கூண்டு. ஆனால் நம் ஊர்களில் சிமினி விளக்கு என்று சொல்லப்பட்டவற்றில் பலவற்றுக்குக் கண்ணாடியே இருந்ததில்லை. உடைந்தபின் யாரும் மறுபடி வாங்கவில்லை. அல்லது முதலிலேயே வாங்க முடியவில்லை. பொருள் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

இந்தப் பெயருக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. எண்ணெய் விளக்கின் பர்னரை எப்படிச் சீராக்குவது என்பது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்ட விஷயம். தெரிந்தும் அது கடைசி வீடு வரை போகவில்லை.

முதலில், பர்னர் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். சுடரில் எரிவது எண்ணெய் அல்ல, எண்ணெயின் ஆவி. திரி வழியாக ஏறும் எண்ணெய் சூட்டில் ஆவியாகிறது. அந்த ஆவி சுடரின் நடுவே காற்று போதாத இடத்தில் சிதைந்து, கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்களாகிறது. அந்தத் துகள்கள் கனன்று ஒளிர்வதுதான் நாம் காணும் மஞ்சள் வெளிச்சம். சுடரின் நுனிக்குப் போவதற்குள் போதிய காற்று கிடைத்தால் கரி முழுவதும் எரிந்து மறைந்துவிடும். கிடைக்காவிட்டால் அதே கரி புகையாக வெளியேறும். மைக்கேல் ஃபாரடே 1860-ல் லண்டனில் ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு நடத்திய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் விளக்கியது இதைத்தான். ஒளியும் புகையும் இரண்டு பொருள்கள் அல்ல. ஒரே கரியின் இரண்டு முடிவுகள்.

ஆகவே நல்ல விளக்கின் பர்னர் ஒரு நுட்பமான சமரசம். காற்று குறைந்தால் புகை. காற்று முன்கூட்டியே அதிகமாகக் கலந்தால் கரியே உண்டாகாது, சுடர் நீலமாகிவிடும், வெளிச்சம் இருக்காது. ஸ்டவ்வுக்கு நீலச் சுடர் வேண்டும். விளக்குக்கு மஞ்சள் வேண்டும், ஆனால் அதன் நுனியில் புகை கூடாது. இதைச் சாதிக்க விலை உயர்ந்த உலோகமோ அபூர்வமான எண்ணெயோ தேவையில்லை. காற்று எந்த வழியாக, எந்த இடத்தில், எவ்வளவு வரவேண்டும் என்பதைத் தீர்மானித்தால் போதும்.

இந்த எளிய உண்மைக்கு மனிதன் வந்து சேரப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனையில் யவனர் செய்த பாவை விளக்கு எரிகிறது. பாவையின் கையில் அகல், அகல் நிறைய நெய், பருத்த திரி. விளக்கைச் செய்த கம்மியனின் திறமை முழுவதும் பாவையின் அழகில் இருக்கிறது. சுடர் எரியும் இடத்தில் மட்டும் குடிசையின் அகலுக்கும் அரண்மனையின் அகலுக்கும் வேறுபாடு இல்லை. இலங்கையில் தெதிகமவில் கிடைத்த பன்னிரண்டாம் நூற்றாண்டு யானை விளக்கு அடுத்த படி. யானையின் வயிற்றில் எண்ணெய் இருக்கும். அகலில் எண்ணெய் குறைந்தால் காற்று உள்ளே புகுந்து, தேவையான அளவு எண்ணெய் தானாக வழிந்து, மட்டம் சரியானதும் நின்றுவிடும். திரிக்கு எண்ணெய் ஊட்டும் பிரச்னையை ஆசாரிகள் அப்போதே தீர்த்துவிட்டார்கள். காற்று ஊட்டும் பிரச்னை மட்டும் மிச்சம் இருந்தது.

அதைத் தீர்த்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த எமே ஆர்கான். 1780-ல் அவர் செய்தது இவ்வளவுதான்: திரியைக் குழாய் வடிவில் நெய்து, ஒன்றுக்குள் ஒன்றாக நின்ற இரண்டு உலோகக் குழாய்களுக்கு இடையே பொருத்தினார். உள் குழாய் வழியாகவும் காற்று ஏறியது, வெளியிலிருந்தும் வந்தது. சுடருக்கு இரண்டு பக்கமும் மூச்சு கிடைத்தது. அதைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு. கூண்டு காற்றைத் தடுப்பதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதன் முக்கிய வேலை நேர் எதிரானது. கூண்டுக்குள் சூடான வாயு மேலே ஏறும்போது கீழிருந்து புதிய காற்றை இழுக்கிறது, ஆலைப் புகைபோக்கியைப் போல. ஆர்கானின் ஒரு விளக்கு ஆறு முதல் பத்து மெழுகுவத்திகளின் வெளிச்சத்தைக் கொடுத்தது. 1784-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். பாரிஸில் கேங்கே என்பவர் அதைக் காப்பியடிக்க, பிரெஞ்சு மொழியில் விளக்குக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆர்கான் 1803-ல் வறுமையில் இறந்தார்.

அதன்பின் நூறு ஆண்டுகளில் வந்த மாற்றங்கள் எல்லாம் ஆர்கான் திறந்த வழியில் வந்தவைதான். பட்டைத் திரி பர்னரின் பித்தளைத் தலையைக் கவனியுங்கள். அடியில் சல்லடைக் கண்கள், மேலே நடுவில் பிளவுள்ள ஒரு கவிகை. கண்கள் வழியாக நுழையும் காற்று கவிகைக்குள் அடங்கி, பிளவு வழியாகச் சுடரின் இரு பக்கங்களிலும் பீறிட்டு வெளியேறுகிறது. பக்கத்தில் திரியை ஏற்றி இறக்கும் பல் சக்கரம். பர்மிங்ஹாமில் ஹிங்க்ஸ் கம்பெனி 1865-ல் இரண்டு பட்டைத் திரிகளை அருகருகே வைத்து, இடையே காற்றுக்கு வழி விட்டது. அமெரிக்காவில் ஜான் இர்வின் வடிவமைத்தது நமக்கெல்லாம் தெரிந்த அரிக்கேன் விளக்கு. அதன் இரண்டு பக்கக் குழாய்களையும் தூக்கிப் பிடிப்பதற்கான சட்டம் என்றே பலர் எண்ணினோம். அவை காற்றுக் குழாய்கள். புயல் காற்று நேரே சுடரில் பாயாமல், இந்தக் குழாய்களில் இறங்கி, அமைதியாகி, அடியிலிருந்து பர்னருக்குப் போகிறது. முதல் மாதிரியில் எரிந்து முடிந்த சூடான வாயுவும் அதில் கலந்து போயிற்று. 1870-களில் வந்த அடுத்த மாதிரியில் புதிய காற்று மட்டுமே போகும்படி செய்தார். அது கூடுதல் பிரகாசமாக எரிந்தது.

அப்புறம் வலை வந்தது. ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் 1885-ல் காப்புரிமை பெற்ற வாயு விளக்கு வலை, சுடரின் கரியை நம்பாமல் தானே கனன்று வெள்ளை ஒளி தந்தது. பெட்ரோமாக்ஸில் நாம் கட்டிய வலை அதன் வாரிசு. அந்த வலைக்குத் தேவையானது தோரியம். தோரியம் இருப்பது மோனசைட் என்ற கனிமத்தில். 1909-ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து சேர்ந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் அந்தக் கடற்கரை மணல் கப்பலேறி, ஐரோப்பிய நகரங்களின் தெரு விளக்குகளில் வலையாகத் தொங்கியது.

இந்தப் பட்டியலில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. ஆர்கான் விளக்கு நாடக அரங்குகளுக்கும் செல்வர் கூடங்களுக்கும் கலங்கரை விளக்கங்களுக்கும் போனது. இரட்டைத் திரி நடுத்தர வர்க்கத்து மேஜைக்குப் போனது. நீல மூக்குக்கண்ணாடி ரயில் சிக்னலுக்குப் போனது. பணம் உள்ள இடம், அல்லது விபத்தின் செலவைக் கணக்கிடும் கம்பெனி உள்ள இடம் – அங்கெல்லாம் பர்னர் சீராகிக்கொண்டே வந்தது. குப்பி விளக்கில் எதுவும் நடக்கவில்லை. அதன் சுடர் பாண்டியன் அரண்மனைப் பாவை ஏந்திய சுடரைவிட ஒரு படிகூட முன்னேறவில்லை. சொல்லப்போனால் பின்னடைவு. அகலில் இருந்தது விளக்கெண்ணெயோ நெய்யோ. கவிழ்ந்தால் பெரும்பாலும் திரி அணைந்துவிடும். குப்பியில் இருப்பது மண்ணெண்ணெய்.

எண்ணெய் விற்றவர்கள் நினைத்திருந்தால் நிலைமை மாறியிருக்கும் என்பதற்குச் சீனா சாட்சி. அமெரிக்க ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 'மெய் ஃபூ' என்ற சிறிய கண்ணாடிக் கூண்டு விளக்கை மிக மலிவாகவும், சில சமயம் இலவசமாகவும் கொடுத்தது. கருணையால் அல்ல. விளக்கு இருந்தால்தான் எண்ணெய் விற்கும். காரணம் எதுவாக இருந்தாலும் சீனக் குடியானவன் வீட்டுக்கு ஒரு சிமினி வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் ஏழையின் விளக்கைப் பற்றி அக்கறையோடு யோசித்தவர் ஒரு தமிழர். தஞ்சாவூரில் பிறந்து லண்டனில் கணக்கு படித்த ஜே.சி. குமரப்பா, 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவின் மகன்வாடியிலிருந்து நடத்தினார். அவருடைய கேள்வி பொருளாதாரக் கேள்வி. கிராமத்தில் எள்ளும் நிலக்கடலையும் ஆமணக்கும் விளைகின்றன, செக்கு இருக்கிறது, செக்காட்டுபவர் இருக்கிறார். அப்படியிருக்க, விளக்கெரிக்க எங்கிருந்தோ வரும் மண்ணெண்ணெய்க்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? மகன்வாடியில் உருவான 'மகன் தீபம்' தாவர எண்ணெயில் எரியும் லாந்தர்.

கேட்க எளிது, செய்வது சிரமம். மண்ணெண்ணெய் நீர்த்தது, திரியில் ஒரு சாண் கூட ஏறும். தாவர எண்ணெய் குழைவானது. சில அங்குலம் ஏறுவதற்குள் களைத்துவிடும். அதனால் எண்ணெய் மட்டம் சுடருக்கு மிக அருகில் இருக்க வேண்டும், எண்ணெய் சற்றுச் சூடாகவும் வேண்டும். அகல் விளக்கில் திரி விளிம்பிலேயே கிடப்பதன் ரகசியம் இதுதான். மண்ணெண்ணெய் லாந்தரில் நல்லெண்ணெய் ஊற்றினால் எரியாது. பர்னரையும் எண்ணெய்க் கலத்தையும் மறுபடி வடிவமைக்க வேண்டும். எண்ணெயை மாற்ற நினைத்தவருக்குப் பர்னரை மாற்றாமல் வழியில்லை என்பது மகன்வாடி சொல்லும் பாடம். குமரப்பா 1960-ல் மதுரையில் காலமானார். அவருடைய பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் உண்டு. மகன் தீபத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

சிமினி இல்லாத விளக்கின் விலை என்ன? 2012-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நிக்கலஸ் லாம், டாமி பாண்ட், கிர்க் ஸ்மித் முதலியோர் அளந்து வெளியிட்டார்கள். சாதாரணத் திரி விளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவிகிதம் கரும்புகைக் கரியாக வெளியேறுகிறது. விறகு எரியும்போது அது சுமார் அரை சதவிகிதம். கூண்டும் ஒழுங்கான பர்னரும் உள்ள அரிக்கேன் விளக்கு இதில் ஒரு சிறு பங்கைத்தான் வெளியிடுகிறது. அதே எண்ணெய், அதே திரி, அதே இரவு. வித்தியாசம் காற்று போகும் வழியில். விளக்கடியில் படித்த பிள்ளைகளின் மூக்குத் துவாரம் காலையில் கறுத்திருக்கும் என்பதைக் கிராமத்துத் தாய்மார்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். அவ்வளவு கரியைக் கொடுத்துக் கிடைத்த வெளிச்சம் ஏறக்குறைய ஒரு மெழுகுவத்தி அளவு.

புகை மெதுவாகக் கொல்லும். தீ காத்திருக்காது. குப்பி விளக்கில் மூன்று ஆபத்துகள் சேர்ந்திருக்கின்றன. புட்டி ஒல்லியாக, உயரமாக இருப்பதால் கை பட்டாலே சாயும். சாய்ந்தால் உருளும். மூடி திருகு மூடியாக இல்லாமல் சும்மா செருகியிருப்பதால் உருளும்போதே எண்ணெய் கொட்டும், அதில் சுடர் பாயும். பக்கத்தில் பாய், சேலைத் தலைப்பு, தூங்கும் குழந்தை. இலங்கையில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த டாக்டர் விஜய கொடகும்புர இந்தக் காயங்களை மருத்துவமனைக் கட்டிலில் பார்த்தவர். 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் இல்லை. காயத்துக்கு மருந்து போடுவதோடு நிறுத்தாமல் அவர் விளக்கையே நோயாளியாகப் பாவித்துச் சோதித்தார்.

அவர் உருவாக்கிய 'சுதீபா' விளக்கைப் பார்த்தால் இதில் கண்டுபிடிப்பு எங்கே என்று தோன்றும். குட்டையான, தடித்த, கனமான கண்ணாடிக் குப்பி, எளிதில் சாயாது. இரண்டு பக்கங்கள் தட்டை, சாய்ந்தாலும் உருளாது. தகரத்தில் திருகு மூடி, உருண்டாலும் கொட்டாது. தடித்த கண்ணாடி, விழுந்தாலும் சட்டென்று உடையாது. ஒவ்வொரு அம்சமும் ஒரு காயத்துக்குப் பதில். 1998-ல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. விளக்குகள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டு, மிகக் குறைந்த விலையில் வீடுகளுக்குப் போயின. ஏழை வாங்கும் விளக்கின் விலையைக் கூட்டக்கூடாது என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட நிபந்தனை. கண்ணாடிக் கூண்டும் பல் சக்கரமும் விலையைக் கூட்டியிருக்கும். எனவே புகையை விட்டுவிட்டு, உயிரைக் காக்கும் மாற்றங்களை மட்டும் செய்தார்.

அதே தீவின் வடக்கே, அதே ஆண்டுகளில், வேறொரு நெருக்கடியில் வேறொரு விளக்கு உருவாயிற்று. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் மண்ணெண்ணெயும் சேர, அதன் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. பரீட்சைகள் மட்டும் நிற்கவில்லை. யார் முதலில் செய்தார் என்று தெரியாத 'ஜாம் போத்தல் விளக்கு' வீட்டுக்கு வீடு எரிந்தது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு. பஞ்சு நனையும் அளவு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் டியூபின் வால்வில் செருகிய மெல்லிய நூல் திரி. போத்தலின் சுவரே கூண்டாக நின்றது. எண்ணெய் தேங்கி நிற்காததால் கவிழ்ந்தாலும் கொட்டப் பெரிதாக ஒன்றும் இல்லை. திரி சிறியதாக இருந்ததால் சுடர் சிறியது. சுடர் சிறியதாக இருந்ததால் புகையும் எண்ணெய்ச் செலவும் குறைவு. அந்த வெளிச்சத்தில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் இன்று உலகின் பல நகரங்களில் இருக்கிறார்கள். பர்னர் பற்றிய எந்தப் புத்தகமும் இல்லாமல், எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் செலவிட வேண்டிய தேவை ஒன்றே அவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

இந்தியாவில் ஆய்வுக்கூடங்கள் சும்மா இருந்தன என்று சொல்ல முடியாது. மகாராஷ்டிரத்தின் பல்டணில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனில் ராஜ்வன்ஷியும் சக ஆராய்ச்சியாளர்களும் 1980-களில் 'நூரி' விளக்கை உருவாக்கினார்கள். மண்ணெண்ணெய், டீசல், எத்தனால் எதிலும் எரியும் வலை விளக்கு அது. பெட்ரோமாக்ஸைப் போல ஓயாமல் பம்ப் அடிக்க வேண்டாம். 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம். நல்ல பொறியியல். ஆனால் வலை விளக்கு எப்படிப் பார்த்தாலும் குப்பி விளக்கை வாங்குபவரின் கைக்கு எட்டாத விலை. ஆய்வுக்கூடம் மேலிருந்து கீழே இறங்கி வந்தது. குப்பி விளக்கு இருந்த படி வரை இறங்கவில்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போதுதான் எல்லா ஊரிலும் கரண்ட் வந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். 2018 ஏப்ரலில் மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டதாக மத்திய அரசு அறிவித்தது. ஒரு வாட் எல்.இ.டி. பல குப்பி விளக்குகளுக்குச் சமம். குப்பி விளக்கு அணைந்ததில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரை ஏறியபின் டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பரணில் போட்ட விளக்குகள் இறங்கி வந்தன. உலகில் இன்னும் 65 கோடிக்கு மேற்பட்டோர் மின்சாரம் இல்லாமல் இருக்கிறார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில். அவர்களில் பலர் வீட்டில் இன்று இரவும் ஏதோ ஒரு புட்டி எரியும்.

அப்படி எரிக்க வேண்டி வந்தால், கொடகும்புர சொன்னதையும் ஜாம் போத்தல் காட்டியதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம். உயரமான புட்டி வேண்டாம். அகலமான, குட்டையான, திருகு மூடியுள்ளதாக இருக்கட்டும். திரி குழாயில் இறுகப் பொருந்தட்டும். தளர்ந்த திரியின் ஓரமாக ஆவி கசியும். திரியைக் குறைத்து வைத்தால் வெளிச்சம் சிறிது குறையும், புகை வெகுவாகக் குறையும். எரியும்போது எண்ணெய் ஊற்றக்கூடாது. பெட்ரோல் கலந்த மண்ணெண்ணெயை விளக்கில் விடவே கூடாது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பிடிக்கச் சற்றுச் சூடேற வேண்டும். பெட்ரோலுக்கு அறையின் சூடே அதிகம். விளக்கு வெடிப்பதன் காரணம் பெரும்பாலும் இந்தக் கலப்படம்தான். பிரிட்டனில் 1862-லேயே பெட்ரோலியத்துக்குச் சட்டம் போட்டது இந்தப் பயத்தினால்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு 'பர்னர்' என்ற சொல் ஒரு தொல்லை. அகராதியில் எரிவாய், சுடர்முகம் என்று எதையாவது போட்டாலும் மக்கள் வாயில் நின்றது பர்னர்தான். தமிழில் அந்த உறுப்புக்குச் சொல் இல்லாமல் போனதற்குக் காரணம் மொழியின் வறுமை அல்ல. திரி என்ற சொல் இருக்கிறது, தூண்டுகோல் இருக்கிறது, தகழி இருக்கிறது. எண்ணெயை ஏந்துவதற்கும் திரியைத் தூண்டுவதற்கும் சொல் வைத்த நாம், சுடருக்குக் காற்று கொடுக்கும் உறுப்புக்குச் சொல் வைக்கவில்லை. ஏனென்றால் அந்த உறுப்பு நம் பெரும்பாலான வீடுகளின் விளக்கில் இருக்கவே இல்லை.

ஸ்டவ்வுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கேட்டு வாங்கினோம். குப்பி விளக்கைச் செய்தவர் சந்தையில் உட்கார்ந்த தகர வேலைக்காரர். அவரிடம் முத்திரை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு ஒரு வரைபடம் கொடுத்திருந்தால், இரண்டு பக்கம் தட்டையாக ஒரு குப்பியும் திருகு மூடியும் மலிவாகக் கிடைக்கச் செய்திருந்தால், அவர் மறுத்திருக்கமாட்டார். ரேஷன் கடையில் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய்க்கு மானியம் கொடுத்த அரசுகள், அதை எரிக்கும் விளக்குக்கு அந்த மானியத்தில் ஒரு சிறு பங்கைக் கொடுக்கலாம் என்று எண்ணவில்லை. எண்ணெயின் அளவு லிட்டரில் எழுதப்பட்டது. எரியும் வாய் யார் கணக்கிலும் வரவில்லை.

இன்று சந்தைக்கு வரும் மலிவான சோலார் விளக்குகளுக்கும் இதே கேள்வி காத்திருக்கிறது: ஒரு மழைக்காலம் தாங்காத பாட்டரி, பழுது பார்க்க முடியாதபடி ஒட்டிய மூடி. பொருள் மாறிவிட்டது, கடைசி வீட்டுக்குப் போகும் பொருளைக் கடைசியாக யோசிக்கும் பழக்கம் மாறவில்லை. ஆர்கானுக்குத் தெரிந்தது 1780-ல். அதைக் குப்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோக ஒரு டாக்டரும் சில பரீட்சைப் பிள்ளைகளும் வர இருநூற்றுப் பத்து ஆண்டுகள் ஆயின. அடுத்த விளக்குக்கு அவ்வளவு காலம் எடுக்காமல் இருந்தால் நல்லது.